லைபேஸ் எறங்கிடுச்சு

என் தம்பிக்குக் கொழுப்பு அதிகம் என்று தெருவே சொல்லும். நானும்தான் சொல்லியிருக்கிறேன். பேச்சுக்கு எதிர்ப்பேச்சு, கிண்டலுக்கு மறுகிண்டல், எதிரில் நிற்பது இன்ஜினியரா எமனா என்று பார்க்காத வாய். அந்தக் கொழுப்பை ஒரு டாக்டர் ரத்தத்தில் அளந்து காட்டுவார் என்று மட்டும் நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

அவன் கிரேன் ஆபரேட்டர். அடுக்குமாடி கட்டும் இடங்களில் ஒற்றைக்காலில் வானத்துக்கு நிற்குமே, அந்த டவர் கிரேன். அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் தரையைத் தொடுவான். சாப்பாடு மேலேயே. மற்றதுக்கு ஒரு பாட்டில் வைத்திருப்பான், அந்தப் பேச்சை விடுங்கள். கீழே நின்று வாக்கி-டாக்கியில் அவனுக்கு வழி சொல்கிற சிக்னல்காரருக்கு எல்லாரும் விசில் என்று பேர் வைத்திருந்தார்கள். வாக்கி-டாக்கி வருவதற்கு முன்னால் விசில் ஊதியே காலம் தள்ளியவராம். ஏத்து, எறக்கு, நிறுத்து. இந்த மூன்று சொல்லில் இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசிக்கொள்வார்கள். தொங்குகிற சுமை தரையில் உட்கார்ந்ததும் தம்பி மேலேயிருந்து "எறங்கிடுச்சு" என்பான். அது காதில் விழுந்த பிறகுதான் கீழே நிற்கிறவர்கள் மூச்சே விடுவார்கள்.

அந்த வார்த்தை அவனோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. மகளுக்குக் காய்ச்சல் விட்டால் எறங்கிடுச்சு. எனக்கு பிரஷர் குறைந்தால் எறங்கிடுச்சு. பெண்டாட்டியின் கோபம் தணிந்தால் அவளுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "அக்கா, எறங்கிடுச்சு" என்பான். அவள் நர்சரிப் பள்ளி டீச்சர்; எங்களுக்கும் அவள் டீச்சர்தான். முப்பது குழந்தைகளை ஒரு அதட்டலில் உட்கார வைப்பவளால் இவன் ஒருத்தனை உட்கார வைக்க முடியவில்லை.

நான் அவனுக்கு மூத்தவள். ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்க்கிறேன். நான் இரண்டாம் மாடி, அவன் குடும்பம் மூன்றாம் மாடி. அம்மா போனபிறகு அவனை அதட்டும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. அந்த உரிமையை ஒரு நாளும் நான் வீணாக்கியதில்லை.

அவன் குடிப்பான். கேட்டால் "அளவாத்தான்க்கா" என்பான். அளப்பதும் அவன்தான், குடிப்பதும் அவன்தான், பிறகு அளவு எப்படித் தப்பும்? கூடவே எண்ணெயில் மிதக்கிற வறுவல். இதையெல்லாம் தின்றும் குடித்தும் சளைக்காமல் ஏணி ஏறுகிறானே என்று எல்லாருக்கும் ஒரு பெருமை வேறு.

முதல் வலி அவனுக்குக் கூண்டிலேதான் வந்தது. கம்பிக்கட்டு ஒன்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது மேல்வயிற்றில் யாரோ கையை விட்டு முதுகுவரைக்கும் பிடித்து இழுத்த மாதிரி இருந்ததாம். கண் இருட்டியிருக்கிறது. அப்படியும் கம்பிக்கட்டைத் தரையில் வைத்து "எறங்கிடுச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் வாந்தி எடுத்திருக்கிறான். விசில் ஏணியில் ஏறிப்போய், ஒவ்வொரு படியாக அவன் காலைப் பிடித்து வைத்து இறக்கிக் கொண்டுவந்தார். இறக்கியவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானே? சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"வாயுவா இருக்கும்னு நெனச்சேன்க்கா" என்றார் என்னிடம்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். வயிறு வலித்தால் வாயு, முதுகு பிடித்தால் வாயு. எங்கள் அப்பா நாற்பது வயதைத் தொடாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே போனார். அதற்கும் வாயு மாரை அடைத்துவிட்டது என்றுதான் சொன்னார்கள். நாங்களும் அதை நம்பி அழுது முடித்துவிட்டோம்.

சோடாவுக்கு அடங்காமல் தம்பி தரையில் சுருண்டபிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்த நர்ஸ் அந்தக் குழாயைத் தூக்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் குழாயைப் பார்த்தாள். வைத்த கொஞ்ச நேரத்தில் சிவப்பு அடியில் தங்கி, மேலே பால் போல வெள்ளையாக நின்றது. ஒரு மனுஷன் உடம்பிலிருந்து அப்படி வருமா?

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமைசாலி. தன் வயிற்றிலேயே கையை வைத்துக் காட்டிச் சொன்னார்:

"இரைப்பைக்குப் பின்னாடி கணையம்னு ஒண்ணு இருக்கு. நாம திங்கிற கொழுப்பை உடைச்சுக் கரைக்கிற சரக்கு அங்கதான் ஊறுது. லைபேஸ்னு பேரு."

தம்பி அந்த வலியிலும் தலையைத் தூக்கினான். "சரக்கு உள்ளயே ஊறுதா டாக்டரம்மா? இது தெரியாம நான் வெளிய வாங்கிட்டிருக்கேனே!"

"வாயை மூடுடா" என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"அது குடலுக்குத்தான் போகணும். கணையம் புண்ணாயிட்டா வழி தப்பி ரத்தத்துல கசியும். நல்லா இருக்கறவங்க ரத்தத்துல அது கொஞ்சம்தான் இருக்கும். உங்களுக்கு அதைப் போல இருபது மடங்கு இருக்கு."

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பித்தப்பையில் கல் இருந்து குழாயை அடைத்தாலும் அது ஏறுமாம். சில மாத்திரைகள் ஏற்றிவிடுமாம். கிட்னி கெட்டுப்போனால், கணையத்துக்கு ஒன்றுமே இல்லாமல்கூட ஏறிக் காட்டுமாம். கல்லும் இல்லை, மாத்திரையும் இல்லை, கிட்னியும் நன்றாக இருந்தது. மிச்சம் இருந்தது குடியும், ரத்தத்தில் பாலாக நிற்கும் அந்தக் கொழுப்பும்.

"இவ்வளவு கொழுப்பு சில குடும்பங்கள்ல பரம்பரையா வரும். குடி அதை இன்னும் ஏத்தும். உங்க அப்பா எப்படிப் போனாங்க?"

நான் சொன்னேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "இனிமே ஒரு சொட்டு கூடாது. எண்ணெய்ச் சாப்பாடும் கூடாது. உயிரோட இருக்கணும்னா" என்றார்.

சில மாதம் ஒழுங்காக இருந்தான். நாங்களும் கும்பிடாத சாமி இல்லை. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி ஆரம்பித்தான். மறுபடி வலி. மறுபடி ஆஸ்பத்திரி. ஆனால் அந்தத் தடவை லைபேஸ் முன்னைவிடக் குறைவாக இருந்தது. அதற்கடுத்த தடவை இன்னும் குறைவு. அவன் அதைச் சுமை கணக்கு மாதிரி மனசில் வைத்துக்கொண்டான்.

"பார்த்தியாக்கா, ஒவ்வொரு தடவையும் எறங்குது. உடம்பு பழகிக்கிச்சு."

"உடம்பு பழகிக்கிறதுக்கு அது என்ன நாய்க்குட்டியாடா?" என்று திட்டினேன். திட்டினேனே ஒழிய, உள்ளுக்குள் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது. சர்க்கரை குறைந்தால் நல்லது, பிரஷர் குறைந்தால் நல்லது, இது மட்டும் குறைந்தால் கெட்டதாகவா இருக்கும்?

டாக்டரம்மா வரச்சொன்ன நாட்களுக்கு அவன் போகவே இல்லை. தெருமுனை லேபில் தானே போய் ரத்தம் கொடுத்தான். ரிசல்ட் வந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மாடியிலிருந்து அவன் போட்ட கூச்சல் எனக்குக் கீழே கேட்டது.

"அக்கா! லைபேஸ் எறங்கிடுச்சு! இருக்கவேண்டியதை விடவும் கீழ போயிடுச்சு!"

வீடே கொண்டாடியது. டீச்சர் இனிப்பு செய்தாள். மகள் அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டாள். விசில் வந்து அவனைக் கட்டிப்பிடித்து, "ஆளும் எளச்சு மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டான் பாருங்கக்கா" என்றார். உண்மைதான், தொப்பை போயிருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. சட்டை ஆணியில் மாட்டினதுபோலத் தொங்கியது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் என்ன டயட் என்று கேட்டார்கள். அவனும் ரகசியம் மாதிரி சிரித்துவைத்தான்.

ஒரு நாள் அவர்கள் வீட்டு வாஷிங் மெஷின் கெட்டுப்போய், துணியை என்னிடம் கொடுத்தனுப்பினாள் டீச்சர். தம்பியின் உள்ளாடைகளில் எண்ணெய்க் கறை. முதலில் கிரேன் கிரீஸ் என்று நினைத்துத் திட்டிக்கொண்டே துவைத்தேன். கிரீஸ் என்றால் கறுப்பாக இருக்கும். இது மஞ்சள். சோப்புக்குப் போகவில்லை, ஹோட்டலிலிருந்து கொண்டுவந்த பவுடருக்கும் முழுசாகப் போகவில்லை. மேலே போய் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "அண்ணி, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. அவரு பாத்ரூம் போயிட்டு வந்தா தண்ணி மேல எண்ணெய் மிதக்குது. எத்தனை தடவை தண்ணி ஊத்தினாலும் போகமாட்டேங்குது. நாத்தம் வேற. சாப்பிடறது எல்லாம் அப்படியே போயிடுதோன்னு பயமா இருக்கு."

அன்றைக்கே அவன் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். போகிற வழியெல்லாம் அவன் முனகினான். "எறங்கினதுக்கு எதுக்குக்கா டாக்டரு? ஏறினா போவோம்." டாக்டரம்மா அவனைப் பார்த்ததும் முகம் மாறினார். எடை பார்த்தார், சர்க்கரை பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"லைபேஸ் குறைஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்பட்டீங்களா?"

"ஆமா டாக்டரம்மா, ஸ்வீட் எல்லாம் செஞ்சோம்" என்றான் தம்பி.

"அது நல்லாகிக் குறையலைங்க. ஊறுறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சம் இல்லாததால குறைஞ்சிருக்கு. திரும்பத் திரும்பப் புண்ணாகி கணையத்துல பெரும்பகுதி தழும்பாயிடுச்சு. கொழுப்பைக் கரைக்க ஆளில்லை, அதான் திங்கிறது எண்ணெயா அப்படியே வெளிய போகுது. உடம்பு உருகுது. சர்க்கரையும் ஏறிடுச்சு. இன்சுலின் போடணும். அது போட்டா சில நேரம் சர்க்கரை திடீர்னு கீழ போய் மயக்கம் வரும். அதனால கிரேன் ஏறவே கூடாது."

டீச்சர் என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது.

"இன்னும் ஒண்ணு இருக்கு. இதைக் கவனமாக் கேளுங்க" என்றார் டாக்டரம்மா, இந்தத் தடவை என்னைப் பார்த்து. "மிச்சமிருக்கிற துண்டு மறுபடி புண்ணாகலாம். ஆனா இனிமே எவ்வளவு வலி வந்தாலும் லைபேஸ் ஏறாமலே இருக்கலாம். நம்பரைப் பார்த்து ஒண்ணுமில்லைன்னு யாராவது வீட்டுக்கு அனுப்பிட்டா ஆளே போயிடுவாரு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதைச் சொல்லுங்க."

சாப்பாட்டோடு போட மாத்திரை கொடுத்தார். கணையம் செய்யவேண்டிய வேலையை அந்த மாத்திரை செய்யுமாம். தம்பி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். எல்லாம் புரிந்துவிட்டது, திருந்திவிடுவான் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பாலடிக்க வேண்டும்.

அவன் காதில் விழுந்தது ஒரே ஒரு வாக்கியம். மறுவாரமே மொட்டைமாடியில் விசிலிடம் சொல்லிக்கொண்டிருந்தான். துணி எடுக்கப் போன என் காதாலேயே கேட்டேன்.

"இனிமே ஏறவே ஏறாதாம்டா! டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. ஏறினாத்தானே பயம்?"

விசில் சிரித்தார். இரண்டு பேர் கையிலும் கிளாஸ் இருந்தது. அந்த வேளை எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கிளாஸைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். "டேய், ஊறுறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னு சொன்னாங்கடா! காலி டாங்கிக்கு மீட்டர் ஏறுமாடா? உன் பொண்ணு மூஞ்சியை ஒருதரம் நெனச்சுப் பாருடா!" என்று கத்தினேன். தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. விசில் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

தம்பி கோபப்படவில்லை. கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "மேல இருக்கும்போது மட்டும்தான்க்கா நான் ஆளு. எறங்கி வந்து நான் என்ன பண்ணுவேன்? கேட்டுல உட்கார்ந்து சல்யூட் அடிக்கவா?" என்றான். அவன் குரல் அப்படிக் கம்மி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்தது, அதையும் திட்டாகவே மாற்றிக் கொட்டிவிட்டு இறங்கி வந்தேன்.

கிரேனையும் விடவில்லை. எதைச் சொன்னாலும் எருமை மாட்டின் மேல் மழை பெய்ததுபோலத்தான். இன்சுலின் விஷயத்தை வேலையிடத்தில் சொல்லாமல் மறைத்தான். இன்ஜினியரிடம் நானே போய்ச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியதும், "திங்கக்கிழமை நானே சொல்லிடறேன், என் பொண்ணு மேல சத்தியம்" என்றான். மகள் மேல் சத்தியம் என்றதும் நான் அடங்கிவிட்டேன்.

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் ஹோட்டலில் ஈர விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தபோது விசில் போன் செய்தார். தம்பிக்குக் கூண்டில் வலி வந்துவிட்டதாம், இறக்கியாச்சாம். பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு, அதாவது எங்களை யாருமே அறியாத ஆஸ்பத்திரிக்கு, கொண்டுபோயிருக்கிறார்களாம்.

"பயப்படாதீங்கக்கா. ரத்தம் எடுத்தாங்க. நார்மலாம். ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பறாங்க" என்றார்.

ஈர ஏப்ரனோடு ஓடினேன். எந்த வண்டியில் போனேன், எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவசரப் பிரிவில் ஒரு சக்கர நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான், வெளியே போகத் தயாராக. உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. நெற்றி வேர்வை மூக்கில் சொட்டியது. முன்பக்கமாகக் குனிந்து இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"அக்கா, லைபேஸ் நார்மலாம். நீதான் சும்மா பயப்படுத்தற."

"யாருடா உன்னை அனுப்பறது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனேன். டியூட்டி டாக்டர் வேறொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றுகொண்டேன். "சார், என் தம்பிக்கு லைபேஸ் ஏறாது. கணையமே தழும்பாயிடுச்சு. நம்பரைப் பார்த்து அனுப்பக்கூடாதுன்னு அவனைப் பார்த்த டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"அம்மா, ரிசல்ட் நார்மல். அல்சரா இருக்கலாம். திங்கக்கிழமை ஓபிக்கு வாங்க."

"திங்கக்கிழமைக்கு ஆள் வேணுமே சார்!" என்றேன். என் குரல் அந்தக் கூடம் முழுக்க அடித்தது. காவல்காரர் வந்தார். என் தோளைத் தொட வந்த அவர் கையைத் தட்டிவிட்டேன். "ஸ்கேன் எடுங்க. எடுத்துட்டு ஒண்ணுமில்லைன்னா என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுங்க. எடுக்காம நான் இந்த எடத்தை விட்டு நகரமாட்டேன்." வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன். அன்றைக்கு மாதிரி கத்தியதில்லை. டியூட்டி டாக்டர் என்னிடம் டாக்டரம்மா பேரைக் கேட்டு வாங்கி, அவருக்கு போன் போட்டுவிட்டு வந்தார். வந்ததும் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே நானும் விசிலும் நின்றோம். விசில் அழுதுகொண்டிருந்தார். "காலையில கூட ரெண்டு பேரும் கொஞ்சம் ஊத்திக்கிட்டோம்க்கா" என்றார். அவரை அறைய எனக்குக் கை வரவில்லை. டீச்சர் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. தம்பியைக் கட்டிலில் கிடத்தித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டியூட்டி டாக்டர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடினார். போகிறபோக்கில், "ஐசியூவுல பெட் ரெடி பண்ணுங்க, ரத்தம் ஏத்தணும், கணையம் அழுகி ரத்தம் உள்ள முழுக்கப் பரவிடுச்சு, சர்ஜனைக் கூப்பிடுங்க" என்று யாரிடமோ கத்தினார். ஒரு நர்ஸ் அவர் பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

நான் கட்டிலோடு ஓடினேன். தம்பி என் ஏப்ரன் முனையைப் பிடித்துக்கொண்டான். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"அக்கா, அந்த டாக்டர் ஏன் ஓடறாரு?"

அவனிடம் நான் ஒருநாளும் தேனொழுகப் பேசியதில்லை. ஆறுதலுக்கென்று ஒரு பொய் சொன்னதில்லை. சின்ன வயசில் ஊசி போடும்போதுகூட, வலிக்கும்டா, பல்லைக் கடிச்சுக்கோ என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"டியூட்டி முடிஞ்சிடுச்சாம்டா. பஸ்ஸை விட்டுடுவோம்னு ஓடறாரு" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தான். "பாவம், ஓடட்டும்" என்றான். அதற்குள் ஐசியூ கதவு வந்துவிட்டது. ஏப்ரனிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக நர்ஸ்தான் பிரித்து எடுத்தாள். அதற்கப்புறம் அவன் பேசி நான் கேட்கவில்லை.